இரண்டு சஹன், பதினொரு பேர்

பதினொரு பேருக்கு இரண்டு சஹன் போதும். ஒன்றில் ஆறு பேர், மற்றதில் ஐந்து பேர். சஹன் என்பது எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் கந்தூரிகளிலும் சோறு வைக்கிற அகன்ற வட்டத் தட்டு. அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து, அவரவர் தங்கள் முன்னால் உள்ள பக்கத்திலிருந்து உண்பார்கள். கல்முனையில் விருந்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்பவர் குறைவு. எத்தனை சஹன் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கணக்கோடுதான் நாங்கள் மலை ஏறினோம்.

நாங்கள் என்பது விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரையில் நடக்கிற பதினொரு பேர். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எங்கள் ஊர் தட்டையான ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். ஏறக்கூடிய உயரம் என்றால் பள்ளிவாசல் மினாரா மட்டும். பதுளைப் பக்கத்து மலையொன்றில், காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு நீர்வீழ்ச்சி வருகிறதென்று கண்டுபிடித்தவர் எங்களில் ஒருவரான இரும்புக்கடைக்காரர். "ஒவ்வொரு நாளும் மணலுக்குள்ள அஞ்சு கிலோமீற்றர் நடக்கிறோம். மலையில மணல் கூட இல்ல" என்றார் அவர். அதை ஒரு வாதமாகவே ஏற்றுக்கொண்டோம்.

பதினொரு பேரில் ஒருவர் என் தங்கையின் கணவர். எனக்கு அவர் மச்சான், அவருக்கு நானும் மச்சான். பதினாறு வருடமாக அவருக்குச் சீனி வருத்தம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் இன்சுலின் ஊசி. ஆறு வருடத்துக்கு முன் டொக்டர் அவரை நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊசியை அவர் பொறுத்துக்கொண்டார், இதைப் பொறுக்க அவரால் முடியவில்லை. ரமழான் பகல்களில் கடைசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் சாப்பிடுவார். என் தங்கை வெளியே கதவடியில் நிற்பாள்.

புறப்பட்ட அன்று காலை அவள் வானடிக்கு வந்து ஒரு குளுக்கோஸ் பக்கெற்றை என் கையில் தந்தாள்.

"காக்கா, ஊசி போட்டா அரை மணித்தியாலத்துக்குள்ள சாப்பிடணும். இவரு கதை கிடைச்சா நிண்டிருவாரு. நீங்கதான் பாக்கணும். இத அவர்ட சேட்டுப் பொக்கற்றுல வையுங்க."

"பொக்கற்றுக்குள்ள மாமூட்டையத் தூக்கிட்டு மலை ஏறவா?" என்றார் மச்சான். "மச்சான்ட பேக்குல கிடக்கட்டும் புள்ள."

நான் பக்கெற்றை என் பையில் போட்டேன். தங்கையிடம் "ஓம்" என்றேன்.

வான் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கு அருகே பத்து மணிக்கு நின்றது. அங்கிருந்து எங்களை அழைத்துப்போக ஒருவரை ஏற்பாடு செய்திருந்தோம். தோட்டத்துத் தொழிலாளி, ஐம்பது வயதிருக்கும். ஒரு கத்தியும் நீளமான தடியும் வைத்திருந்தார். எங்கள் காற்சட்டைக் கால்களைக் காலுறைக்குள் செருகச் சொன்னார். சவர்க்காரத்தை நனைத்து முழங்கால் வரை தேய்க்கச் சொன்னார், அட்டை ஏறாமலிருக்க. பிறகு எத்தனை பேரென்று கேட்டார்.

"ரெண்டு சஹன்" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"அது தெரியாது நானா. தலைய சொல்லுங்க."

"பதினொன்று" என்றேன் நான்.

அவர் விரலை நீட்டி எங்களை எண்ணினார். பிறகு ஒழுங்குகளைச் சொன்னார். பாதையை விட்டு இறங்கக் கூடாது. அருவிக்குக் கீழே உள்ள குளத்தில் கால் வைக்கக் கூடாது, அடி தெரியாது. மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கும், அதற்குமுன் திரும்ப வேண்டும். "ஒத்தையா எங்கயும் போவாதீங்க. ஒன்னுக்குப் போனாலும் ரெண்டு பேரா போங்க."

"அதுக்கும் ஜமாஅத்தா?" என்றார் இரும்புக்கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். மச்சான்தான் அதிகம் சிரித்தார். கூட்டுத் தொழுகையைக் குறிக்கிற அந்தச் சொல் வழிகாட்டிக்கு விளங்கியதோ தெரியாது. அவர் சிரிக்கவில்லை.

பாதை முதலில் தேயிலைக்குள் போனது, பிறகு காட்டுக்குள். கடலோரத்து ஆளுக்குக் காட்டின் அமைதி பழக நேரம் எடுக்கும். எங்கள் ஊரில் ஒரு கணமும் சத்தமில்லாமல் இருப்பதில்லை, கடல் இருக்கிறது. இங்கே பதினொரு பேரின் மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு இடத்தில் ஓடையைக் கல்மேல் கல்லாகக் கடந்தோம். சோற்றுச் சட்டியைத் தடியில் கோர்த்து இருவர் மாறி மாறித் தூக்கினார்கள். இரும்புக்கடைக்காரர் இரண்டு சஹனையும் முதுகில் கட்டிக்கொண்டு நடந்ததில் ஆமை போலத் தெரிந்தார். மச்சான் எனக்கு முன்னால் போனார். வழமையைவிட நன்றாக நடந்தார்.

"நோன்பு பிடிக்க ஏலாதாம், மலை ஏற ஏலுமாம். இந்த டொக்டர்மார்ட கணக்கு எனக்கு விளங்கல்ல மச்சான்" என்றார் ஒரு வளைவில் நின்று. மூன்று கிழமையில் நோன்பு வர இருந்தது.

பன்னிரண்டரைக்கு நீர்வீழ்ச்சியை அடைந்தோம். மழைக்காலத்து வெள்ளம் வடியாத நேரம். தண்ணீர் விழும் சத்தத்தில், பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் காதுக்குள்தான் பேச வேண்டியிருந்தது. வழிகாட்டி மறுபடியும் விரலால் எண்ணிவிட்டு, தன் வீட்டு ரொட்டியோடு பாதையோரத்து மரத்தடிக்குப் போனார். செவ்வாய்க்கிழமை, அவர் இறைச்சி சாப்பிடுவதில்லை. இரண்டு சஹனை ஒன்றாக வைக்கத் தட்டையான இடம் இருக்கவில்லை. ஒன்றை மேல்பாறையிலும் மற்றதைக் கீழ்ப்பாறையிலும் வைத்தோம். இடையில் ஆளுயரக் கல்லொன்று. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரியாது.

சட்டி திறந்ததும் மச்சான் சட்டையை உயர்த்தி வயிற்றில் ஊசி போட்டார். நான் நேரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நாற்பது. பிறகு அவர் ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து எனக்குத் தூக்கிக் காட்டினார். ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன்.

இருவராகப் போகச் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும், ஐம்பத்தெட்டு வயது மனிதரின் பின்னால் அதற்காக நான் போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் மேல்பாறையில் இருந்தேன். எங்கள் சஹனில் ஐந்து பேர். அப்படியானால் ஐந்து பேர் சஹன் எங்களுடையது, மச்சான் கீழே ஆறாவது ஆளாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கீழே இரும்புக்கடைக்காரரின் சஹனிலும் ஐந்து பேர். அவரும் அதையேதான் நினைத்தார். யாருக்கும் இடம் வெறுமையாகத் தெரியவில்லை, ஐந்து பேர் சற்று விரிந்து இருந்தால் வட்டம் நிறைந்துவிடுகிறது. பசியோடு சாப்பிட்டோம். எலும்பைக் கடித்துக்கொண்டு ஒருவர் சொன்ன கதைக்கு நான் சிரித்தது இப்போதும் நினைவிருக்கிறது.

சாப்பிட்டுக் கைகழுவி, நண்பகல் லுஹரையும் பிற்பகல் அஸரையும் சேர்த்துத் தொழுவதற்குப் பாய் விரித்தோம். பயணத்தில் அப்படித் தொழலாம். இரும்புக்கடைக்காரர் முன்னால் நின்றார், மற்றவர்கள் ஒரு வரிசையாக நின்றோம். தோளோடு தோள் சேர்க்க வேண்டும். என் வலப்பக்கம் ஒரு தோள் இருந்தது. இடப்பக்கம் மச்சான் வருவார் என்று விட்ட இடம் அப்படியே கிடந்தது.

"மச்சான் எங்க?" என்று கத்தினேன்.

இரும்புக்கடைக்காரர் திரும்பினார். "உங்களோடதானே இருந்தாரு."

"இல்ல, கீழ உங்களோட."

"எங்க சஹன்ல அஞ்சு பேர்."

"எங்கடயிலயும் அஞ்சு."

நேரம் ஒன்று இருபது. ஊசி போட்டு நாற்பது நிமிடம். விடியற்காலையில் சாப்பிட்ட இரண்டு துண்டுப் பாணுக்குப் பிறகு அவர் வயிற்றில் எதுவும் இல்லை. இரண்டு மணி நேரம் மலை ஏறியிருக்கிறார். குளுக்கோஸ் என் பையில் இருந்தது.

பாய் விரித்தபடி கிடக்க, ஆளுக்கொரு திசையில் ஓடினோம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். அருவி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஐந்தடி தூரத்தில் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தவரின் குரல் எனக்குக் கேட்கவில்லை. வழிகாட்டி ஓடிவந்து தடியைக் குறுக்கே பிடித்து எங்களைத் தடுத்தார்.

"எல்லாரும் ஓடுனா, இப்ப ஒருத்தர தேடுறேன், அப்புறம் பத்துப் பேர தேடணும். நில்லுங்க!"

ஆறு பேரைப் பாறையில் இருத்தினார். இருவரை வந்த பாதையில் முதல் ஓடைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொன்னார். என்னையும் இரும்புக்கடைக்காரரையும் தன்னோடு வரச்சொன்னார். யாருடைய கைபேசியிலும் சிக்னல் இல்லை.

அவர் முதலில் போனது குளத்தடிக்கு. விளிம்பில் குந்தித் தண்ணீரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விழுகிற இடத்தில் வெள்ளை நுரை, அதைச் சுற்றி மண்ணிறம், அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஒரு காய்ந்த கிளை சுழியில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. என் பத்திரிகை நிருபர் வேலையில் நான் பல குளக்கரைகளில் நின்றிருக்கிறேன். எத்தனை மணிக்கு விழுந்தார், யார் கண்டது, உறவினர் யார் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அந்த மூன்று கேள்விக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டியவன் நான். அருகில் கிடந்த கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்னுக்குப் போறவங்க தண்ணிக்கிட்டதான் போவாங்க" என்றார் வழிகாட்டி என் காதில். "இங்க வழுக்கும்."

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

"இல்ல. இவர் தண்ணிக்கிட்ட போகமாட்டார். ஓடுற தண்ணிக்குப் பக்கத்துல எங்கட ஆக்கள் அதுக்கு இருக்கமாட்டாங்க. கழுவத்தான் போத்தல்ல தண்ணி கொண்டு போனாரு. தண்ணிய விட்டுத் தூரத்துக்குத்தான் போயிருப்பாரு. எங்கட கண்ணுக்கும் தெரியாத இடமா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். உடனே எழுந்து பாறைகளுக்குப் பின்னால் சரிவில் ஏறினார். அங்கே விறகு வெட்டுபவர்கள் போட்ட ஒற்றையடித் தடமொன்று இருந்தது. ஐம்பது அடி போனதும் பெரிய மரமொன்றின் வேருக்குப் பக்கத்தில் மச்சானின் போத்தல் நின்றது. வெறும் போத்தல். மூடியைத் திருகி, நிமிர்த்தி வைத்திருந்தார். எதையும் ஒழுங்காக வைப்பவர் அவர்.

"இங்கருந்து திரும்பி வர ரெண்டு நிமிசம்" என்றார் இரும்புக்கடைக்காரர். "ஏன் வரல்ல?"

வழிகாட்டி கையைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். அந்த இடத்தில் அருவியின் சத்தம் மேலேயிருந்து வந்தது. நாங்கள் விட்டு வந்த அருவி கீழே இருந்தது.

"அந்தப் பக்கத்துப் பாறை சத்தத்தத் திருப்பிப் போடுது. புதுசா வர்றவங்க சத்தத்தப் பிடிச்சுப் போவாங்க. அருவி அங்கன்னு நெனச்சு மேல போயிருவாங்க. அங்க பள்ளம்."

தடம் முடிந்து காடு தொடங்கியது. வழிகாட்டி மடிந்த பன்னச் செடிகளைப் பார்த்துக்கொண்டு போனார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்று முப்பத்தைந்து. ஒன்று நாற்பது. மூடுபனி அன்று மூன்று மணி வரை காத்திருக்கவில்லை, மரங்களின் உச்சி ஏற்கெனவே மறைந்திருந்தது. தங்கைக்கு எப்படிச் சொல்வதென்று வசனங்கள் தாமாகவே என் தலைக்குள் வந்தன, செய்தி எழுதுவது போல, முதல் வரியில் எல்லாத் தகவலோடும். அவற்றை நிறுத்த என்னால் முடியவில்லை. இரும்புக்கடைக்காரர் எனக்குப் பின்னால் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று வந்துகொண்டிருந்தார். ஒருமுறை நடுவில், "ஜமாஅத்தான்னு நான்தானே சிரிச்சன்" என்றார்.

ஒன்று ஐம்பதுக்கு வழிகாட்டி தடியை உயர்த்தினார்.

மச்சான் ஒரு மரத்தில் சாய்ந்து, கால்களை நீட்டி இருந்தார். அவர் காலுக்கு அப்பால் நாலடியில் தரை முடிந்து பனி மட்டும் தெரிந்தது. ஒரு சப்பாத்து இல்லை. கணுக்காலில் மூன்று அட்டைகள், இரத்தம் காலுறையில் ஊறியிருந்தது. சட்டை குளத்தில் விழுந்தெழும்பியது போல வியர்வையில் நனைந்திருந்தது. தொப்பியை மடித்துக் கையில் வைத்திருந்தார். கண்கள் திறந்திருந்தன.

நான் பையைக் கிழிக்காத குறையாகத் திறந்து, குளுக்கோஸைக் கையில் கொட்டி அவர் வாயருகே கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பினார்.

"மச்சான், வாயத் திறங்க."

"நோன்பு" என்றார். நாக்கு தடித்திருந்தது.

"என்ன?"

"நோன்போட இரிக்கிறன்."

இரும்புக்கடைக்காரர் குனிந்து அவர் தாடையைப் பிடித்தார். மச்சான் பல்லைக் கடித்து முழங்கையால் இடித்ததில் பக்கெற் என் கையிலிருந்து பறந்தது. பாதி மா இலைச்சருகில் கொட்டியது. அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. மயங்கும் நிலையில் இருப்பவரின் வாயில் பலவந்தமாக எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும் என்று டொக்டர் தங்கைக்குச் சொல்லியிருந்தார், அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். அவராகவே விழுங்க வேண்டும். அவரோ ஆறு வருடமாகப் பிடிக்காத நோன்பை அந்தக் காட்டுக்குள் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இது நோன்பு மாசமில்ல" என்றேன். "நீங்க இண்டைக்குப் பாண் சாப்பிட்டீங்க."

"பொய்" என்றார். கண் சொருகியது. நான் கன்னத்தில் தட்டினேன். திறந்தார்.

"நேரமாகிட்டு. திறங்க, நோன்பு திறங்க" என்றார் இரும்புக்கடைக்காரர், அழுகிற குரலில்.

மச்சான் தலையை மெல்ல உயர்த்தி மரங்களுக்கிடையே வானத்தைத் தேடினார். பனிமூட்டத்தில், நோன்பு திறக்கிற அந்தி மஃரிப் நேரம் போலத்தான் மங்கிக் கிடந்தது. யோசித்தார். பிறகு ஒரு பிள்ளையின் பிடிவாதத்தோடு சொன்னார்: "பாங்கு சொல்லல்லியே."

பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கேட்டால்தான் நாங்கள் நோன்பு திறப்போம். நான் இரும்புக்கடைக்காரரைப் பார்த்தேன். எங்களுக்குத் தொழுவிப்பவர் அவர். நல்ல குரல்.

"சொல்லுங்க" என்றேன்.

"நேரமில்லாத நேரத்துல எப்பிடிப் பாங்கு…" அவர் தன் கடிகாரத்தைக் காட்டினார். "மஃரிப் இல்லியே இது. என்னால ஏலா."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது கூசும். எனக்கும் கூசியது. நான் கடைசியாகப் பாங்கு சொன்னது என் மகள் பிறந்த அன்று, அவள் காதுக்குள், யாருக்கும் கேட்காமல். எழுந்து நின்று காதில் கைகளை வைத்தேன். எந்தத் திசையில் நிற்கிறேன் என்றும் தெரியவில்லை. "அல்லாஹு அக்பர்" என்று தொடங்கினேன். குரல் உடைந்தது. பள்ளிவாசலில் கேட்டால் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். எதிர்ப்பாறை என் குரலை வாங்கித் திருப்பித் தந்தது. ஒரு வரியையும் விடாமல் முழுதாகச் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் அவர் நம்பமாட்டார் என்று பயந்தேன்.

முடித்துத் திரும்பியபோது மச்சானின் வலக்கை நீண்டிருந்தது. நோன்பு திறக்கிற பேரீச்சம்பழத்துக்கு. இரும்புக்கடைக்காரர் மிஞ்சிய குளுக்கோஸை என் போத்தல் தண்ணீரில் ஈரமாக்கி உருட்டி அந்தக் கையில் வைத்தார். மச்சான் பிஸ்மி சொன்னார். வாயில் போட்டுச் சப்பினார். பிறகு போத்தல் மூடியால் கரைசலை ஊட்டினோம், மறுக்காமல் குடித்தார். வழிகாட்டி அவர் காலடியில் குந்தி அட்டைகளுக்குச் சவர்க்காரம் தேய்த்தார்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் கேட்டார்: "இண்டைக்கு எத்தினையாவது நோன்பு?"

"முதலாவது" என்றேன்.

அவர் தலையசைத்தார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் ஆறு வருடமாகக் கண்டதில்லை. எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. பனியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கால் மணி நேரத்தில் அவருக்கு நினைவு திரும்பியது. சுற்றிப் பார்த்தார். "என்ன எல்லாரும் குந்திக்கிட்டு? என்ட சப்பாத்து எங்க? நான் ஏதும் கதைச்சனா?"

"இல்ல" என்றார் இரும்புக்கடைக்காரர். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நடத்திப் பாறைக்குக் கூட்டிவந்து, சட்டியில் மிஞ்சியிருந்த சோற்றை ஊட்டினோம். பாறையில் இருந்தவர்களில் ஒருவர், "எதிர்ப்பாறையில ஆரோ பாங்கு சொன்ன மாதிரிக் கேட்டிச்சு" என்றார். இரும்புக்கடைக்காரர் குனிந்து பாயின் சுருக்கத்தை நீவினார். தொழுதோம். இந்த முறை வரிசையில் இடம் விடவில்லை. மச்சான் என் இடப்பக்கம் அமர்ந்தபடியே தொழுதார். இறங்கும்போது வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தந்தார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, ஒன்றிலிருந்து பதினொன்று வரை சத்தமாகச் சொல்ல வேண்டும். யாரும் பகிடி விடவில்லை.

தேயிலைக்குள் வந்ததும் சிக்னல் வந்தது. என் போன்தான் முதலில் அடித்தது.

"காக்கா, அவரு சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு புள்ள."

"எத்தின மணிக்கு?"

மச்சான் பக்கத்தில் ஒற்றைச் சப்பாத்தோடு நின்று, தன் எண்ணை மறந்துவிட்டு இரும்புக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி என்று சொல்லியிருக்கலாம். அன்று ஒருமுறை அவரிடம் பொய்யான நேரத்தைச் சொல்லியாயிற்று. இவளிடமும் சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டு மணிக்கு" என்றேன்.

"ஊசி?"

"பன்னிரண்டு நாப்பது."

அந்தக் கணக்கு எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"போனை அவருக்கிட்டக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன்.